மூன்றாம் அறையில் விரிசல்

2003 மே 18 அன்று பெல்ஜியத்தில் நாடாளுமன்றத் தேர்தல். பிரஸ்ஸல்ஸ் மாநகரின் ஸ்கார்பேக் பகுதியில் வாக்குகள் கணினியில் பதிவாகி, கணினியிலேயே எண்ணப்பட்டன. எண்ணி முடித்தபோது ஒரு வேட்பாளரின் கணக்கு மட்டும் இடித்தது. அவருக்கு அங்கே விழுந்திருக்கக்கூடிய வாக்குகளைவிடக் கூடுதலான வாக்குகளைக் கணினி காட்டியது. மறுபடி எண்ணினார்கள். மற்ற எல்லோருடைய எண்ணிக்கையும் அப்படியே இருக்க, அவருடையது மட்டும் 4096 குறைந்தது.

நிரலாளர்களின் கண்ணில் 4096 சட்டென்று படும் எண். இரண்டைப் பன்னிரண்டு முறை அடுக்கிப் பெருக்கினால் வருவது அது. இரும எண் ஒன்றில் வலமிருந்து 13ஆவது இடத்தின் மதிப்பும் அதுதான். அந்த ஓரிடத்தில் 0 இருக்கவேண்டிய பிட் 1 ஆகியிருந்தால் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. நிரலை வரிவரியாக அலசியும் குறை அகப்படவில்லை. அதே கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டியும் தவறு மறுபடி வரவில்லை. நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்று நிபுணர்கள் முடிவுக்கு வந்தார்கள். வானிலிருந்து வந்த காஸ்மிக் கதிர்தான் காரணம் என்று பின்னாளில் பலர் எழுதிவிட்டார்கள். கதை சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்குச் சாட்சி கிடையாது.

அந்தக் கணினிக்கு ஒரே வேலை, அதன் பிழையும் ஒரே இடத்தில் வெளிப்பட்டது. இன்றைய தரவு மையத்தில் ஒரு சர்வரை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. ஒரு வங்கியின் மென்பொருள், ஒரு மருத்துவமனையின் பதிவேடு, யாரோ ஒருவரின் இணையக் கடை என்று பல நிறுவனங்களின் வேலைகள் ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முழுக் கணினி இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டியின் நினைவகத்தில் ஒரு துளி கெட்டுப்போனால், செய்தி யாருக்குப் போக வேண்டும்? அதிலும் சிக்கலானது, இல்லாத ஒரு கணினியில் இருப்பதாக நம்பும் மென்பொருளிடம் உண்மையான வன்பொருளின் பழுதை எந்த வார்த்தையில் சொல்வது?

பிட் ஏன் புரள்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இன்றைய நினைவகச் சில்லில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் தங்கியிருக்கும் கொஞ்சம் மின்னூட்டம்தான். 1970களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தின் நினைவகச் சில்லுகள் காரணமே தெரியாமல் தவறு செய்தன. அங்கே பணியாற்றிய திமோத்தி மே, மரே வுட்ஸ் இருவரும் துப்புத் துலக்கினார்கள். குற்றவாளி சில்லு அல்ல, சில்லைப் பொதிந்திருந்த பீங்கான் உறை. அந்த உறையைச் செய்த ஆலை கொலராடோவில் கிரீன் ஆற்றங்கரையில் இருந்தது. ஆற்றின் மேற்புறத்தில் பழைய யுரேனிய ஆலை ஒன்று இருந்தது. தண்ணீரோடு வந்த கதிரியக்கத் துகள்கள் பீங்கானில் கலந்து, அதிலிருந்து கிளம்பிய ஆல்ஃபா துகள்கள் பிட்டுகளைப் புரட்டின. 1979இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜேம்ஸ் சீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் லான்ஃபர்டும் அடுத்த சந்தேகத்தைக் கிளப்பினார்கள்: உறை சுத்தமாக இருந்தாலும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதிப் பிறக்கும் நியூட்ரான்கள் இதே வேலையைச் செய்யுமே? இதைச் சோதிக்க ஐ.பி.எம். தேர்ந்த வழி எளிமையானது. நினைவகங்களை மலைமேல் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள், பிறகு தரைக்கடியில் பாறைக்குள் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள லெட்வில் ஊரில் பிழைகள் பல மடங்கு பெருகின, பாறைக்கடியில் ஏறக்குறைய மறைந்தே போயின. வானத்தை நோக்கி விரல் நீட்ட இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

ஆனாலும் வானத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போட முடியாது. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுள் ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கூகுளின் சர்வர்களில் இரண்டரை ஆண்டு சேர்த்த பதிவுகள் அதற்கு அடிப்படை. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களில் குறைந்தது ஒரு நினைவகப் பிழையாவது பதிவாகியிருந்தது. நினைவகப் பலகைகளில் 8 சதவீதத்துக்கும் மேலானவை ஆண்டில் ஒருமுறையாவது பிழை காட்டின. பிழை காட்டிய பலகையே திரும்பத் திரும்பக் காட்டியது என்பதுதான் இதில் முக்கியம். எங்கிருந்தோ வரும் துகள் இப்படி ஆள் பார்த்து அடிக்காது. ஆகவே பெரும்பகுதி பிழைகள் சில்லின் சொந்தத் தேய்மானத்தால் வருபவை என்று ஆய்வு சொன்னது. பழுது நிலையானது, அதே இடத்தில் மறுபடி வரும் என்ற இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

பிட் புரண்டதை இயந்திரம் எப்படி அறிகிறது? இதற்கு ரிச்சர்ட் ஹாமிங்குக்கு நன்றி சொல்ல வேண்டும். 1940களில் பெல் ஆய்வகத்தில் ரிலேக்களால் ஆன கணிப்பொறியை வார இறுதிகளில் ஓட்டிக்கொண்டிருந்தார் அவர். பழுது தெரிந்தால் அந்தப் பொறி ஓடும் கணக்கைக் கைவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அவருடைய கணக்கு பாதியில் நிற்கும். தவறு நடந்ததைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, எங்கே நடந்தது என்று கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொள்ள ஏன் தெரியக் கூடாது என்று அவர் எரிச்சலோடு யோசித்ததன் பலன் 1950இல் கட்டுரையாக வந்தது. உத்தி இதுதான்: தரவு பிட்டுகளோடு சில காவல் பிட்டுகளையும் சேர்த்து வைக்க வேண்டும். ஒவ்வொரு காவல் பிட்டும் தரவின் ஒரு தனிக் குழுவைக் கண்காணிக்கும். அந்தக் குழுவில் 1களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கும்படி அதன் மதிப்பை அமைப்பார்கள். குழுக்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ஏதாவது ஒரு பிட் புரண்டால், அது இடம்பெற்ற குழுக்கள் மட்டும் ஒற்றைப்படையாகிவிடும். எந்தெந்தக் குழு புகார் சொல்கிறது என்பதை வைத்தே கெட்ட பிட்டின் இடத்தைச் சொல்லிவிடலாம். இடம் தெரிந்தால் திருப்பிப் போட வேண்டியதுதான் பாக்கி.

இன்றைய சர்வர் நினைவகத்தில் 64 தரவு பிட்டுகளுக்கு 8 காவல் பிட்டுகள் என்பது பழகிய ஏற்பாடு. ஒரு பிட் புரண்டால் திருத்தும். இரண்டு புரண்டால் கெட்டது என்று சொல்லும், ஆனால் சரியான மதிப்பைச் சொல்ல முடியாது. இதைத்தான் பொறியாளர்கள் ஈ.சி.சி. நினைவகம் என்கிறார்கள். இங்கிருந்து பழுதுகள் இரண்டு சாதியாகப் பிரிகின்றன: திருத்த முடிந்தவை, முடியாதவை. திருத்த முடியாதவற்றிலும் இரண்டு நிலைகள் உண்டு. நினைவகக் கட்டுப்பாட்டகம் வேலை குறைந்த நேரத்தில் முகவரி முகவரியாக ரோந்து போய் நினைவகம் முழுவதையும் சரிபார்க்கும். அப்போது அகப்படும் பழுதை யாரும் இன்னும் தொட்டிருக்க மாட்டார்கள், அவகாசம் உண்டு. மற்றது, ஒரு நிரல் அந்தத் தரவைக் கேட்டு, அதைத் தர முடியாமல் பிராசஸர் விழிக்கும் நிலை. அங்கே அடுத்த கட்டளையைச் செய்யவே முடியாது.

பிராசஸர் இதைச் சொல்லும் வழிக்கு மெஷின் செக் என்று பெயர். இன்டெல் குடும்பத்தில் இது 18ஆம் எண் அலாரம். அந்த அலாரம் அடிக்கும்போது இயங்குதளம் கையில் இருந்த வேலையை எல்லாம் போட்டுவிட்டு, பிராசஸருக்குள் உள்ள சிறிய பதிவேடுகளைப் படிக்கும். ஒவ்வொரு பதிவேடும் சில தகவல்களைத் தாங்கியிருக்கும்: பழுது எந்த வகை, திருத்தப்பட்டதா, எந்த முகவரியில், அந்த முகவரியை நம்பலாமா, பிராசஸரின் சொந்த நிலையே கெட்டுவிட்டதா. பல ஆண்டுகள் இதற்கு ஒரே மறுமொழிதான் இருந்தது. திருத்த முடியாத பழுதா, இயந்திரத்தை நிறுத்து. விண்டோஸில் நீலத்திரை, லினக்ஸில் 'பேனிக்'. இது கோழைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் கெட்ட தரவோடு ஓடி வங்கிக் கணக்கில் தப்பான எண்ணை எழுதுவதைவிட நின்றுபோவது மேல் என்பதில் வன்பொருள்காரர்களுக்கும் மென்பொருள்காரர்களுக்கும் கருத்து வேறுபாடே இருந்ததில்லை.

பெட்டிக்குள் ஒருவரே இருந்தவரை இந்த மறுமொழி போதுமாக இருந்தது. பலர் குடியேறியதும் கதை மாறியது.

மெய்நிகர் இயந்திரம் புதிய சரக்கல்ல. 1960களில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் ஐ.பி.எம். பொறியாளர்கள் ஒரு பெரிய கணினியைப் பல பொய்க் கணினிகளாகப் பிரித்துப் பலருக்குக் கொடுத்தார்கள். 1972இல் அது வி.எம்./370 என்ற பெயரில் வணிகப் பொருளானது. 1974இல் ஜெரால்டு போப்பெக், ராபர்ட் கோல்டுபெர்க் இருவரும் இதற்கு இலக்கணம் எழுதினார்கள். அதன் முதல் விதி, பொய்க் கணினியில் ஓடும் நிரல் உண்மையான கணினியில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ள வேண்டும் என்பது. இந்தப் பொய்யைக் கட்டிக்காக்கும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்றும், பொய்க்குள் வாழும் இயங்குதளத்தை விருந்தினர் என்றும் சொல்வது வழக்கம்.

விருந்தினர் என்பதைவிடக் குடித்தனக்காரர் என்று எண்ணிக்கொண்டால் விஷயம் சுலபமாகப் பிடிபடும். பெரிய பழைய கட்டடம் ஒன்று, அதில் பல ஒண்டுக் குடித்தனங்கள். வீட்டுக்காரரின் ஏட்டில் கட்டடம் முழுவதற்கும் ஒன்றிலிருந்து அறை எண்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு குடித்தனக்காரரும் தம்முடைய பகுதியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தாமே எண் போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரரின் 41ஆம் அறை ஒருவருக்கு 3ஆம் அறை. இன்னொருவருக்கும் ஒரு 3ஆம் அறை உண்டு, அது வேறெங்கோ இருக்கிறது. கணினியில் இந்த ஏடு நினைவக முகவரிகளின் அட்டவணை. விருந்தினர் தனக்கு நினைவகம் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதாகவே நினைக்கும். அது தொடும் ஒவ்வொரு முகவரியையும் பிராசஸர் அந்த அட்டவணையைப் பார்த்து உண்மையான முகவரியாக மாற்றிக்கொள்ளும்.

இப்போது கொத்தனார் வந்து, 41ஆம் அறைச் சுவரில் விரிசல், அலமாரி எப்போது வேண்டுமானாலும் விழும் என்கிறார். வீட்டுக்காரருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கட்டடத்தையே காலி செய்யச் சொல்லலாம். பழைய மறுமொழி இதுதான்: சர்வர் நின்றுபோகும், அதிலுள்ள அத்தனை பேரும் தெருவில் நிற்பார்கள். அல்லது அந்த அறை யாருடையதோ அவரை மட்டும் வெளியேற்றலாம். வி.எம்./370 காலத்திலேயே இதைச் செய்தார்கள். பழுது ஒரு குறிப்பிட்ட மெய்நிகர் இயந்திரத்தோடு நின்றால் அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றை ஓடவிட்டார்கள். மூன்றாவது வழி, அந்தக் குடித்தனக்காரரிடம் போய் உங்கள் மூன்றாம் அறையில் விரிசல் என்று சொல்வது. அந்த அறையில் பழைய செய்தித்தாள்தான் கிடக்கிறதா, கல்யாணப் புடவைகள் இருக்கின்றனவா என்பது அவருக்குத்தான் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது.

மொத்த விஷயமும் இந்த ஓரிடத்தில்தான் நிற்கிறது. நினைவகத்தைப் பக்கம் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்தே கையாளுகிறார்கள். ஹைப்பர்வைசருக்கு அந்தப் பக்கம் தெரியும், அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. விருந்தினருக்கு உள்ளடக்கம் தெரியும், வன்பொருள் தெரியாது. எந்த ஒருவராலும் தனியாக நல்ல முடிவெடுக்க முடியாது என்பதால்தான் பழுதை மேலே அனுப்பியாக வேண்டியிருக்கிறது.

சாதாரண சர்வர்களில் இது நடைமுறைக்கு வந்தது 2009, 2010 வாக்கில். வன்பொருள் பக்கத்தில் இன்டெல் 2010இல் வெளியிட்ட ஜியான் 7500 வரிசை, திருத்த முடியாத நினைவகப் பழுதுகளில் சிலவற்றை 'மென்பொருள் மீட்கக்கூடியது' என்று குறித்துச் சொல்லத் தொடங்கியது. அதுவரை பெரும் விலைக் கணினிகளில் மட்டும் இருந்த வசதி அது. மென்பொருள் பக்கத்தில் இன்டெல்லைச் சேர்ந்த ஆண்டி கிளீன் முன்னின்று எழுதிய 'ஹார்டுவேர் பாய்சன்' என்ற பகுதி 2009 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.32 பதிப்பில் சேர்ந்தது. கெட்ட பக்கத்தின்மேல் 'விஷம்' என்று முத்திரை குத்தி, இனி யாருக்கும் அதை ஒதுக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பழுது அதே இடத்தில் மறுபடி வரும் என்று ஷ்ரோடரின் ஆய்வு காட்டியதை நினைத்தால் இந்த ஒதுக்கிவைப்பின் அவசியம் விளங்கும்.

லினக்ஸில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் இணை கே.வி.எம்., கியூஎமு. முதலாவது இயங்குதளத்தின் கருவுக்குள் இருக்கிறது. ஃபபிரிஸ் பெலார் தொடங்கிய இரண்டாவது, வெளியே ஒரு சாதாரண நிரலாக ஓடி, திரை, வட்டு, வலை அட்டை முதலிய பொய்ச் சாதனங்களை நடிக்கிறது. விருந்தினரின் நினைவகம் முழுவதும் உண்மையில் கியூஎமு நிரலின் நினைவகத்தில் ஒரு துண்டுதான். ஆகவே பழுதுச் செய்தியும் அந்த வழியாகவே போகிறது.

ரோந்தில் ஒரு பழுது அகப்பட்டதாக வைத்துக்கொள்வோம். பிராசஸர் உண்மையான முகவரியைச் சொல்கிறது. லினக்ஸ் அந்தப் பக்கத்துக்கு முத்திரை குத்தி, அது யாருடையது என்று தேடுகிறது. கியூஎமுவினுடையது என்று தெரிகிறது. உடனே 'சிக்பஸ்' என்ற சமிக்ஞையை அந்த நிரலுக்கு அனுப்புகிறது. சாதாரண நிரலாக இருந்தால் இந்தச் சமிக்ஞை வந்த கணத்தில் செத்துவிழும். கியூஎமு அதற்குக் காது கொடுக்கத் தெரிந்த நிரல். சமிக்ஞையோடு இரண்டு தகவல்கள் வருகின்றன: பழுதான முகவரி, உடனே கவனிக்க வேண்டியதா பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்ற குறிப்பு. கியூஎமு தன்னுடைய ஏட்டைப் புரட்டி, தன் முகவரியை விருந்தினரின் முகவரியாக மாற்றுகிறது. வீட்டுக்காரரின் 41, குடித்தனக்காரரின் 3 ஆகிறது. ஒருவேளை அந்த முகவரி விருந்தினருடையதாக இல்லாமல் கியூஎமு தன் சொந்தக் கணக்குவழக்குக்கு வைத்திருந்த இடமாக இருந்து, அதைத் தொட்டும் ஆகிவிட்டதென்றால் தப்பிக்க வழியில்லை, அந்த மெய்நிகர் இயந்திரமே முடிந்துபோகும்.

முகவரியை மாற்றியதும் நாடகத்தின் நுட்பமான காட்சி வருகிறது. விருந்தினர் இயங்குதளத்துக்குத் தெரிந்த ஒரே பழுதுமொழி மெஷின் செக். ஆகவே கியூஎமு ஒரு பொய் மெஷின் செக்கைச் சோடிக்கிறது. பொய் பிராசஸரின் பொய்ப் பதிவேடுகளில் ஒன்றில், திருத்த முடியாத பழுது, முகவரி இது, நம்பலாம், பிராசஸரின் நிலை கெடவில்லை என்றெல்லாம் உண்மையான பிராசஸர் எழுதும் அதே வடிவத்தில் எழுதுகிறது. இதற்கு அது வழக்கமாகப் பயன்படுத்துவது 9ஆம் பதிவேடு. பழுது எவ்வளவு பரப்பில் என்ற கட்டத்தில் 4096 பைட், அதாவது ஒரு முழுப் பக்கம் என்று குறிக்கிறது. பெட்டியை ஆளும் லினக்ஸ் ஒதுக்கிவைத்தது பக்கத்தை என்பதால் அதைவிட நுணுக்கமாகச் சொல்லிப் பயனில்லை. பிறகு கே.வி.எம்மைக் கூப்பிட்டு, 18ஆம் எண் அலாரத்தை விருந்தினருக்குள் அடிக்கச் சொல்கிறது.

அலாரத்தை அடிப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. இன்டெல் பிராசஸர்களில் மெஷின் செக் வந்தால் ஒரு கருவகத்துக்கு, அதாவது பிராசஸருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஓர் அலகுக்கு, மட்டும் வராது, எல்லாக் கருவகங்களுக்கும் ஒரே நேரத்தில் வரும் என்பது நெடுநாள் வழக்கம். லினக்ஸ் அதை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. எல்லாக் கருவகங்களும் வந்து சேரும்வரை காத்திருந்து, யாராவது வராவிட்டால் பெரிய விபத்து என்று முடிவுகட்டி நின்றுவிடும். ஆகவே கியூஎமுவும் பொய்க் கருவகங்கள் அத்தனைக்கும் ஒரே நேரத்தில் மணியடிக்க வேண்டியிருக்கிறது. பிற்பாடு வந்த சர்வர் பிராசஸர்கள் பழுதைத் தொட்ட கருவகத்துக்கு மட்டும் சொல்லக் கற்றுக்கொண்டன; பொய்யும் அதைப் பார்த்து மாறியது. போப்பெக்கும் கோல்டுபெர்க்கும் எழுதிய முதல் விதி பழுதுக்கும் பொருந்துகிறது. பொய்க் கணினி கெட்டுப்போவதிலும் உண்மைக் கணினியைப் போலவே கெட்டுப்போக வேண்டும்.

செய்தி கிடைத்த விருந்தினர் என்ன செய்யும்? பக்கத்தில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. வட்டில் உள்ள கோப்பின் நகலாக இருந்து, அதில் மாற்றம் எதுவும் செய்யப்படாமலும் இருந்தால், அதைத் தூக்கியெறிந்துவிட்டு வட்டிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளும். யாருக்கும் எதுவும் தெரியாது. காலியாக இருந்த பக்கம் என்றால் இன்னும் சுலபம். ஒரு நிரல் எழுதிவைத்த, வேறெங்கும் நகல் இல்லாத தரவு என்றால், விருந்தினர் லினக்ஸ் தன் பங்குக்கு அந்த நிரலுக்கு ஒரு சிக்பஸ் அனுப்பும். அதுவும் காது கொடுக்கத் தெரிந்த நிரலாக இருந்தால், உதாரணத்துக்கு ஒரு தரவுத்தளமாக இருந்தால், தன் இடைத்தேக்கத்திலிருந்து அந்தத் துண்டை மட்டும் கைவிட்டு மறுபடி உருவாக்கிக்கொள்ள முடியும். இல்லாவிட்டால் அந்த ஒரு நிரல் சாகும், இயந்திரம் பிழைக்கும். இயங்குதளத்தின் சொந்தக் கருவே அந்தப் பக்கத்தில் இருந்தால்தான் விருந்தினர் நிற்க வேண்டும். அப்போதும் அதே பெட்டியில் பக்கத்துக் குடித்தனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுச் சொல்லும் ஹைப்பர்வைசர், திருத்த முடிந்த பிழைகளைப் பற்றி மட்டும் பொதுவாக வாயே திறப்பதில்லை. எண்ணிக்கையில் பார்த்தால் அவைதான் மிகப் பெரும்பான்மை. மறைப்பது நியாயமா என்று கேட்கத் தோன்றும். நியாயம்தான். அந்தத் தகவலை வைத்து விருந்தினர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நினைவகப் பலகையைக் கழற்றி மாற்ற அதற்குக் கையில்லை. அது இன்று இந்தப் பெட்டியில் இருக்கும், நாளை ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு பெட்டிக்கு மாற்றப்படலாம்; பழைய பெட்டியின் பிழைக் கணக்கைப் புதிய பெட்டியில் வைத்துக்கொண்டு தப்பான முடிவுக்குத்தான் வரும்.

பாதுகாப்புக் காரணமும் உண்டு. 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நினைவகத்தின் ஒரு வரிசையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தொட்டால் பக்கத்து வரிசையின் பிட்டுகள் புரளும் என்று காட்டினார்கள். 'ரோஹேமர்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 2016இல் ஆம்ஸ்டர்டாமின் விரீ பல்கலைக்கழகக் குழு, ஒரு மெய்நிகர் இயந்திரத்திலிருந்து அதே பெட்டியிலுள்ள இன்னொன்றின் நினைவகத்தில் பிட்டைப் புரட்டிக் காட்டியது. ஈ.சி.சி. நினைவகம் இதைத் தடுக்கும் என்று நம்பியவர்களுக்கு, அதே பல்கலைக்கழகம் 2018இன் இறுதியில் இன்னொரு அதிர்ச்சி கொடுத்தது. ஒரு பிட்டைத் திருத்த வன்பொருளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அந்தத் தாமதத்தை அளந்தே எந்த பிட் புரண்டது என்று அறிந்து, திருத்த முடியாத அளவுக்குச் சேர்த்து அடிக்கலாம் என்று நிரூபித்தார்கள். தாமதத்திலிருந்தே இவ்வளவு கறக்க முடிகிறதென்றால், திருத்தப்பட்ட பிழைகளின் பட்டியலையே விருந்தினர் கையில் கொடுப்பது திருடனிடம் வீட்டு வரைபடத்தைக் கொடுப்பதற்குச் சமம்.

கோட்பாட்டில் அழகாக இருக்கும் இந்த ஏற்பாட்டின் ஓரங்கள் கரடுமுரடானவை. வேகத்துக்காக மெய்நிகர் இயந்திரங்களின் நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாகக் கொடுக்காமல் 2 மெகாபைட், 1 கிகாபைட் பெரும்பக்கங்களாக ஒதுக்குவது தரவு மையங்களின் வழக்கம். அப்படி ஒதுக்கிய இடத்தில் ஒரே ஓரிடம் கெட்டாலும் பெரும்பக்கம் முழுவதுமே பறிபோகும் நிலை லினக்ஸில் நெடுநாளாக இருக்கிறது. ஏ.எம்.டி. பிராசஸர்கள் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' வகைப் பழுதை வேறு விதமாகச் சொல்பவை. இன்டெல் பாணியில் கியூஎமு சோடித்த அறிவிப்பு ஏ.எம்.டி. விருந்தினருக்குப் புரியாததால், பின்னாளில் அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆர்ம் பிராசஸர்களில் மெஷின் செக் பதிவேடுகளே இந்த வடிவில் இல்லை. அங்கே கியூஎமு விருந்தினரின் நினைவகத்தில் முன்பே பேசிவைத்த ஓரிடத்தில் பழுதுக் குறிப்பை எழுதிவிட்டு, பிறகு வேறொரு வகை அலாரத்தை அடிக்கிறது. இதுவும் 2020இல்தான் கியூஎமுவில் சேர்ந்தது.

இடமாற்றத்தின்போது வரும் சிக்கல் இன்னும் விசித்திரமானது. ஓடும் இயந்திரத்தை வேறு பெட்டிக்கு மாற்ற, கியூஎமு அதன் நினைவகம் முழுவதையும் பக்கம் பக்கமாகப் படித்து அனுப்ப வேண்டும். விஷ முத்திரை குத்திய பக்கத்தைப் படிக்கப் போனால் கியூஎமுவே செத்துவிழும். விருந்தினர் அந்தப் பக்கத்தை எப்போதோ ஒதுக்கிவிட்டு நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்க, அதைக் காப்பாற்ற எண்ணிச் செய்த இடமாற்றமே அதைக் கொன்றுவிடும். சரி, அந்தப் பக்கத்தைப் பூஜ்யங்களாக அனுப்பிவிடலாமா? அப்போது போய்ச் சேரும் இடத்தில் அது நல்ல பக்கம்போலத் தோன்றும், கெட்டுப்போன தரவு பூஜ்யமாக வேடமிட்டு உயிர்த்தெழும். இரண்டையும் தவிர்க்க, விஷப் பக்கம் உள்ள இயந்திரத்தை இடம்மாற்றவே கியூஎமு மறுக்கும்படி 2024இல் செய்தார்கள். விருந்தினர் மறுதொடக்கம் ஆகும்போது மட்டும் கியூஎமு சத்தமில்லாமல் கெட்ட பக்கத்துக்குப் பதில் நல்ல பக்கத்தை மாட்டிவிடும். உண்மையான கணினியில் தேய்ந்த சில்லு மறுதொடக்கத்தால் மட்டும் பொதுவாகக் குணமாவதில்லை, பொய்க் கணினிக்குக் கிடைத்த சலுகை அது.

இதெல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? நிஜப் பழுதுக்காகக் காத்திருந்தால் சோதனை நடக்காது. ஆகவே பழுதை வேண்டுமென்றே புகுத்துகிறார்கள். லினக்ஸில் ஒரு நிரல் தன்னுடைய பக்கத்தை விஷமாக நடத்தும்படி தானே கேட்க முடியும். சர்வர்களின் ஃபர்ம்வேர் வழியாக நினைவகக் கட்டுப்பாட்டகத்திலேயே பொய்ப் பழுதை நுழைக்க வழி உண்டு. கியூஎமுவின் கட்டுப்பாட்டுத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் விருந்தினருக்குள் மெஷின் செக் விழும். சில்லு தயாரிப்பாளர்கள் இன்னும் ஒருபடி மேலே போய் லாஸ் அலமோஸ் போன்ற ஆய்வகங்களின் நியூட்ரான் கற்றையின் முன்னால் சில்லை வைத்து, ஆண்டுக்கணக்கில் வரவேண்டிய அடியைச் சில மணி நேரத்தில் வாங்கச் செய்கிறார்கள்.

இந்தச் சோதனைகளுக்கு அகப்படாத பழுது ஒன்று மிச்சமிருக்கிறது. இதுவரை பார்த்த அத்தனையும், பழுது நேர்ந்ததை வன்பொருள் அறிந்திருக்கிறது என்ற அடித்தளத்தில் நிற்பவை. நினைவகத்துக்குக் காவல் பிட்டுகள் உண்டு. கூட்டல் பெருக்கல் செய்யும் சுற்றுகளுக்குப் பெரும்பாலும் அப்படிக் காவல் இல்லை. 2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் ஒரு நிகழ்வை விவரித்தார்கள். சுருக்கிவைத்த கோப்புகளை விரிக்கும்போது சில கோப்புகள் காணாமல் போயின. துருவிப் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட பிராசஸரின் ஒரு குறிப்பிட்ட கருவகம் 1.1ஐ 53 முறை அடுக்கிப் பெருக்கி முழு எண்ணாக்கினால் 156 என்று சொல்வதற்குப் பதில் 0 என்றது. கோப்பின் அளவு 0 என்றால் கோப்பே இல்லை என்றுதானே மென்பொருள் எண்ணும். அலாரம் அடிக்கவில்லை, எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி எழுதப்படவில்லை. அதே ஆண்டு கூகுளும் சில ஆயிரம் இயந்திரங்களுக்குச் சில என்ற விகிதத்தில் இத்தகைய கருவகங்கள் இருப்பதாகச் சொன்னது.

இவற்றைப் பிடிக்கப் பெரிய நிறுவனங்கள் இப்போது சர்வர்களைப் பராமரிப்புக்கு எடுக்கும்போதும், வேலைகளுக்கு நடுவே மில்லிவினாடிகள் திருடியும் கணக்குச் சோதனைகளை ஓட்டுகின்றன. தப்பான விடை சொல்லும் கருவகம் அகப்பட்டால் அதை ஒதுக்கிவிடலாம், அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரங்களை வேறிடத்துக்கு மாற்றிவிடலாம். ஆனால் பிடிபடுவதற்கு முந்தைய மாதங்களில் அந்தக் கருவகத்தின்மேல் ஓடிய விருந்தினர்கள் யார் யார், அவர்கள் கணக்கிட்டு வட்டில் எழுதியவை எவை? கெட்ட பக்கத்துக்கு ஒரு முகவரி உண்டு, அதைக் கொண்டுபோய்ச் சொல்ல 9ஆம் பதிவேடு இருக்கிறது. சென்ற மாதம் நீ செய்த கூட்டல்களில் சில தப்பாக இருந்திருக்கலாம் என்று ஒரு விருந்தினரிடம் சொல்வதற்கான வடிவத்தை இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் ஆர்மும் இன்னும் வகுக்கவில்லை.